பார்வையாளர் போனில் மாட்டு மணி, ஆட்டக்காரர் காலில் சென்சார்: மைதானத்தில் நடக்குமா?

நாடகக்காரி (தருமபுரி)

வணக்கம். தருமபுரியில் சின்னதாக ஒரு நாடகக் குழு வைத்திருக்கிறோம். பள்ளி மைதானம், மண்டப வாசல், நெல் அடிக்கிற களம் என்று கிடைத்த இடத்தில் போடுவோம். அடுத்து நடுகல் பற்றிச் செய்யலாம் என்று இருக்கிறோம். நம் பக்கத்து ஆட்களுக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. ஏரிக்கரையில் ஒன்று, புளியமரத்தடியில் ஒன்று என்று கல் நிற்கும். வில்லோடு ஒரு ஆள், காலடியில் மாடு, மேலே பழைய வட்டெழுத்தில் "தொறு மீட்டுப் பட்டான்" (மந்தையை மீட்டு இறந்தான்) என்கிற மாதிரி ஒரு வரி. கதையும் அவ்வளவுதான். மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள், ஒருவன் மீட்கப் போனான், செத்தான்.

யோசனை இதுதான். பார்வையாளர்கள்தான் மந்தை. வருகிற எல்லோருடைய போனிலும் ஒரு மாட்டு மணி இருக்கும். போனை அசைத்தால் மணி அடிக்கும். மேடை கிடையாது, மைதானம் முழுக்கப் பரவி உட்கார்ந்திருப்பார்கள். கவர வருகிற கூட்டம் நடுவில் புகுந்து போகப் போக அந்தப் பக்கத்து மணிகள் அடங்க வேண்டும். மீட்க வருகிறவன் உடம்பில் சென்சார் கட்டுவோம்: காலடி, கை வீச்சு, இதயத் துடிப்பு. அவன் ஆட்டத்தால் மணிகள் திரும்ப வர வேண்டும்.

100 முதல் 150 பேர் வருவார்கள். கையில் பணம் குறைவு. எங்கள் குழுவில் ஒரு பையனுக்குக் கொஞ்சம் புரோகிராமிங் தெரியும். இது நடக்கிற காரியமா, எதை விட்டுவிட வேண்டும், யாராவது செய்திருக்கிறார்களா?


முகமூடி

நாடகம் ஆரம்பிக்கும் முன் "போனை அணைத்து வையுங்கள்" என்று கெஞ்சுகிற காலம் போய், "போனை எடுங்கள்" என்று கெஞ்சும் காலம் வந்துவிட்டது. வாழ்த்துகள்.


ஓசூர் சர்க்யூட்

நடக்கும் அக்கா. ஆனால் நீங்கள் பயப்படுகிற இடம் ஒன்று, காலை வாரப் போகிற இடம் வேறு. சென்சார் சுலபம். 150 போனை ஒரு லேப்டாப்போடு பேச வைப்பதுதான் பாடு.

ஆப் வேண்டவே வேண்டாம். மைதானத்துக்கு வந்த ஆளை ஆப் இறக்கச் சொன்னால் பாதிப் பேர் அங்கேயே கழன்றுகொள்வார்கள். க்யூஆர் ஸ்கேன் செய்தால் பிரவுசரில் ஒரு பக்கம் திறக்கட்டும். போனுக்குள் அசைவை அளக்க இருக்கிற முடுக்கமானியைப் பிரவுசரே படித்துவிடும். அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. பக்கம் எச்டிடிபிஎஸ்-இல், அதாவது பாதுகாப்பான இணைப்பில், இருக்க வேண்டும். ஐபோனில், 2019-இல் ஐஓஎஸ் 13 வந்ததிலிருந்து, ஆள் கையால் தொட்டு அனுமதி கொடுத்தால்தான் அசைவுத் தகவல் கிடைக்கும். ஒலியும் அப்படித்தான், தொடாமல் எந்தப் பிரவுசரும் தானாகச் சத்தம் போடாது. அதனால் "மந்தையில் சேர்" என்று திரை நிறைய ஒரே ஒரு பொத்தான் வையுங்கள். அந்த ஒரு தொடுதலில் ஒலி, அசைவு, திரை தூங்காமல் இருப்பது எல்லாவற்றையும் வாங்கிவிடலாம். ஐபோன்காரர்களிடம் சைலன்ட் மோடை எடுத்துவிடச் சொல்ல ஒரு ஆள் வாசலில் நிற்க வேண்டும். அது போட்டிருந்தால் பிரவுசர் ஒலி வராது, அவர் நாடகம் முழுக்க ஊமை மாடாக உட்கார்ந்திருப்பார்.

அடுத்து வைஃபை. வீட்டு ரவுட்டர் நாற்பது போனுக்கே மூச்சு வாங்கும். கல்லூரி, ஓட்டல் கூரைகளில் மாட்டியிருக்கும் ஆக்சஸ் பாயின்ட் இரண்டு மூன்று தேவை. வாடகைக்கும் கிடைக்கும். தரையில் வைக்காதீர்கள், கம்பத்தில் கட்டுங்கள். மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நன்றாக உறிஞ்சும். ஆட்கள் உட்கார்ந்த பிறகு காலையில் சோதித்த சிக்னல் இருக்காது. ஆட்டக்காரர் மேல் கட்டுகிற சாதாரண இஎஸ்பி32 போர்டு (சென்சார் தகவலை வைஃபையில் அனுப்புகிற சின்னச் சர்க்யூட்) 2.4-இல் மட்டும்தான் பேசும். ஆகவே முடிந்த மட்டும் போன்களை 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தள்ளிவிட்டு, 2.4-இல் ஒரு சேனலைச் சென்சாருக்கென்றே ஒதுக்குங்கள். 1, 6, 11, இந்த மூன்றும்தான் ஒன்றோடொன்று மோதாது.

இன்னொன்று. இணையம் இல்லாத வைஃபையில் சேர்ந்தால் ஆண்ட்ராய்டு "இதில் இன்டர்நெட் இல்லை" என்று சொல்லிவிட்டுச் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். ஒரு 4ஜி டாங்கிள் செருகிப் பேருக்காவது இணையம் கொடுங்கள். எச்டிடிபிஎஸ் சிக்கலுக்கு, ஒரு டொமைன் பெயர் வாங்கி முறையாகச் சான்றிதழ் எடுத்து, மைதானத்து ரவுட்டரில் மட்டும் அந்தப் பெயர் உங்கள் லேப்டாப்பைக் காட்டும்படி வைத்துவிடலாம். நாமே தயாரித்த சான்றிதழ் என்றால் பிரவுசர் சிவப்பு எச்சரிக்கை காட்டும். பார்க்கிற ஆள் வங்கிப் பணம் போய்விடும் என்று ஓடிவிடுவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

எல்லாவற்றையும்விட முக்கியம்: மணி ஒலி போனுக்குள்ளேயே உருவாகட்டும். போனை ஆட்டினால் அந்தப் போனே அடிக்க வேண்டும். வலையில் போக வேண்டியது "அடங்கு", "திரும்ப வா" என்கிற இரண்டே கட்டளைகள். அப்போது வைஃபை விழுந்தாலும் மந்தை உயிரோடு இருக்கும்.


ராயக்கோட்டை தக்காளி

யாராவது செய்திருக்கிறார்களா என்று கேட்டீர்கள். போனை வைத்துச் செய்தது ரொம்பப் பழசு. 2001-இல், ஸ்மார்ட்போன் என்ற பேச்சே இல்லாதபோது, கோலன் லெவின் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் ஆர்ஸ் எலெக்ட்ரானிக்கா விழாவில் "டயல்டோன்ஸ்" என்று ஒன்று நடத்தினார்கள். வந்தவர்கள் தங்கள் எண்ணைப் பதிவு செய்ய வேண்டும். அவர்கள் போனுக்குத் தனி ரிங்டோன் போகும், உட்கார இடமும் ஒதுக்கப்படும். கலைஞர்கள் மேடையிலிருந்து கம்ப்யூட்டர் வழியாக அந்த எண்களுக்கு அழைப்பு விடுவார்கள். எந்த இருக்கையில் எந்த ஸ்வரம் என்று தெரியுமாதலால் கூட்டமே வாத்தியம் ஆகிவிட்டது. 200 போன்கள். அழைப்பை யாரும் எடுக்கவே இல்லை என்பதை நினைத்தால் எனக்கு நம் ஊர் மிஸ்டு கால்தான் ஞாபகம் வரும்.

உடம்பில் கட்டுவது அதைவிடப் பழசு. ஆல்வின் லூசியர் என்ற இசையமைப்பாளர் 1965-இல் தலையில் மின்முனை ஒட்டிக்கொண்டு நாற்காலியில் கண்மூடி உட்கார்ந்தார். மூளையின் ஆல்ஃபா அலையைப் பெருக்கி ஸ்பீக்கருக்குக் கொடுக்க, அந்த அதிர்வில் சுற்றி வைத்திருந்த மேளங்கள் தானாக அடித்தன. கண்ணைத் திறந்து எதையாவது உற்றுப் பார்த்தால் அலை நின்றுவிடும், மேளமும் நின்றுவிடும். சும்மா இருப்பதுதான் அங்கே ஆட்டம்.

நாடகக்காரி, அந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உங்கள் திட்டத்தில் பார்வையாளர் போனை ஆட்டுவார், மணி அடிக்கும். சரி. ஆட்டினால் என்ன, ஆட்டாவிட்டால் என்ன? கதையில் எதுவும் மாறவில்லையே? ஐந்து நிமிடத்தில் சலித்துவிடும்.


பென்னாகரத்தான்

என் அப்பா கூத்து ஆடுகிறவர். சின்ன வயதிலிருந்து திரைக்குப் பின்னால் தூங்கி வளர்ந்தவன் நான். அதனால் கொஞ்சம் கடுப்பாகவே கேட்கிறேன், பார்வையாளர் பங்கேற்பு என்று எதை நீங்கள் புதிதாகக் கொண்டு வரப்போகிறீர்கள்?

பாரதக் கூத்தில் அர்ச்சுனன் தபசு மரம் ஏறும் நாளில் போய் நில்லுங்கள். மேலே இருந்து அவன் எறிகிற பூவுக்கும் பழத்துக்கும் கீழே முந்தானையை ஏந்திக்கொண்டு பெண்கள் நிற்பார்கள். அவர்கள் வேடிக்கை பார்க்கிறவர்களா? பதினெட்டாம் போர் அன்று காலையில் மண்ணால் செய்த துரியோதனன் மைதானம் முழுக்கப் படுத்திருப்பான், ஊரே சுற்றி நிற்கும். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் முன் வரிசையில் இருக்கிறவரைப் பேர் சொல்லிக் கிண்டல் பண்ணுவான், அவர் திருப்பிக் கொடுப்பார், அன்றைய கூத்தே அந்தப் பக்கம் போகும். நடுவில் ஒருவர் வந்து நூறு ரூபாய் அன்பளிப்பு கொடுத்தால், பாஞ்சாலி அழுதுகொண்டிருந்தாலும் சரி, நிறுத்திவிட்டு அவர் பேரை மைக்கில் சொல்வார்கள்.

மணிதான் வேண்டும் என்றால் சந்தையில் நிஜ மாட்டு மணி விற்கிறது. நூறு வாங்கிக் கையில் கொடுங்கள். சார்ஜ் போட வேண்டியதில்லை.


முகமூடி

இதற்கு மேல் என்ன சொல்ல. இழையை மூடிவிடலாம்.


நாடகக்காரி (தருமபுரி)

மூட வேண்டாம், பதில் இருக்கிறது.

பென்னாகரத்தான், நீங்கள் சொன்ன கூத்துகளைப் பார்த்துத்தான் நாங்கள் நாடகத்துக்கே வந்தோம். அதற்குப் போட்டியாக எதுவும் செய்யவில்லை. நிஜ மணி யோசனையை நேற்று இரவு குழுவில் எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். நிஜ மணியைக் கையில் கொடுத்தால் அது கொடுக்கப்பட்டவருடையது. அதை அடங்கச் செய்ய ஆட்டக்காரர் வந்து பிடுங்க வேண்டும், பிடுங்கினால் சிரிப்பு வந்துவிடும். ஆனால் போன் அப்படி இல்லை. அது அவர் காசு போட்டு வாங்கியது, பையில் எப்போதும் இருப்பது, விரலுக்கு இதுவரை கட்டுப்பட்டது. அதை ஆட்டுகிறார், மணி அடிக்கிறது. யாரோ ஒருவன் ஏழடி தள்ளி நடந்து போகிறான். மறுபடி ஆட்டுகிறார், வரவில்லை. போன் கையிலேயே இருக்கிறது, மணி போய்விட்டது. மாட்டைப் பறிகொடுத்தவன் கயிற்றோடு நிற்கிற நிலை அதுதானே? எனக்கு வேண்டியது அந்த ஒரு கணம்தான். அதை நிஜ மணியில் செய்ய முடிந்தால் சொல்லுங்கள், இந்த மின்சாரத் தொல்லையை எல்லாம் தூக்கிப் போட்டுவிடுகிறேன்.

தக்காளி, உங்கள் கேள்விதான் உறுத்துகிறது. ஆட்டினால் என்ன, ஆட்டாவிட்டால் என்ன என்பதற்கு எங்களிடம் விடை இல்லை.


பாலக்கோடு மைக்செட்

அம்மா, மைக்செட் போடுகிறவன் பேசுகிறேன். ஒலி பற்றி மட்டும் சொல்கிறேன், கலை எனக்குத் தெரியாது.

போன் ஸ்பீக்கர் ஒரு விரல் நக அளவு. அதில் கனமான ஒலி ஏறாது. பம்பை, உடுக்கை மாதிரி வைத்தால் டப்பா தட்டுகிற சத்தம் கேட்கும். மணி சரியான தேர்வு, மேல் சுருதிதான் அதில் நன்றாக வரும். கணக்குப்படி நூறு போன் ஒரே இடத்தில் சேர்ந்தால் ஒன்றைவிட 20 டெசிபல் கூடுதல். ஆனால் நீங்கள் பரப்பி உட்கார வைக்கிறீர்கள். அப்புறம் அந்தக் கணக்கு செல்லாது, பக்கத்தில் இருக்கிற பத்துப் போன்தான் காதில் விழும். அது உங்களுக்கு நல்லதுதான். ஒரு பக்கம் அடங்கினால் அந்தப் பக்கத்தில் இருக்கிறவருக்கு நன்றாகத் தெரியும். தயவு செய்து மணியை மைக் வைத்துப் பெரிய ஸ்பீக்கரில் விடாதீர்கள். விட்டால் எந்த மணி யாருடையது என்று யாருக்கும் தெரியாது.

ஜெனரேட்டரை நூறடிக்கு அப்பால் வைக்கச் சொல்லுங்கள், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து. அப்புறம் தேதி. ஆடி மாதம் வேண்டாம். பக்கத்து ஊர் மாரியம்மன் கோயிலில் குழாய் கட்டினால் உங்கள் நூறு போனும் ஒரு பாட்டுக்கு முன்னால் நிற்காது. அந்தக் குழாயையும் நான்தான் கட்டியிருப்பேன், அதனால் சொல்கிறேன்.


ஓசூர் சர்க்யூட்

மைக்செட் அண்ணன் சொன்னது அருமை. அதோடு ஒன்று: எல்லாப் போனும் ஒரே நொடியில் ஒலிக்க வேண்டும் என்று நீங்கள் கேட்டிருந்தால் நான் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். போனுக்குப் போன் தாமதம் மாறும், மலிவு ஆண்ட்ராய்டில் ஒலி வெளிவரவே கால் நொடி கூட ஆகலாம். ஒலியே காற்றில் நொடிக்கு 340 மீட்டர்தான் போகும், மைதானத்தின் அந்தக் கோடி 34 மீட்டர் என்றால் அங்கேயே பத்தில் ஒரு நொடி போயிற்று. ஆனால் மந்தையில் மணிகள் என்றைக்காவது சேர்ந்து அடித்திருக்கின்றனவா? தொழில்நுட்பத்தின் குறையே உங்களுக்குச் சாதகமாக விழுகிற மாதிரி கருவை எடுத்திருக்கிறீர்கள்.

எந்தப் போன் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள ஜிபிஎஸ் பக்கம் போகாதீர்கள். திறந்த வெளியிலும் சில மீட்டர் பிசகும். தரையில் கயிறு போட்டுப் பட்டி பட்டியாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டிக்கும் வேறு க்யூஆர் ஒட்டுங்கள். ஸ்கேன் செய்த இடமே அவர் இடம்.


ராயக்கோட்டை தக்காளி

விடை கிடைத்த மாதிரி இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

மாடு கவர வருகிறவன் இருட்டில் வருகிறான். மாடு எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. மணிச் சத்தத்தை வைத்துத்தான் வருவான். அப்படியானால் பார்வையாளர் அசையாமல் இருந்தால் தப்பிக்கலாம். அசைந்தால் மணி அடிக்கும், காட்டிக்கொடுக்கும். ஆட்டக்காரர்கள் உண்மையாகவே சத்தம் வருகிற பட்டிக்குப் போக வேண்டும், எழுதி வைத்த வரிசையில் போகக் கூடாது. போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் பத்து நிமிடம் ஆடாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசியுங்கள். கொசு கடிக்கும். குழந்தை இழுக்கும். பக்கத்து வரிசையில் ஒருவன் வேண்டுமென்றே ஆட்டுவான், அவன் பட்டியே போகும்.

பிரிட்டனில் பிளாஸ்ட் தியரி என்ற குழு 2001-இல் ஷெஃபீல்ட் நகரத் தெருக்களில் ஓடியே இப்படி ஒன்று செய்தது. இணையத்தில் இருக்கிறவர்கள் வரைபடத்தில் தப்பி ஓடுவார்கள், நிஜ ஆட்கள் கையில் கருவியோடு நிஜத் தெருவில் துரத்துவார்கள். அதில் என்னைப் பிடித்தது, துரத்துகிறவன் மூச்சு வாங்குவது வாக்கிடாக்கி வழியாக விளையாடுகிறவர் காதில் விழும் என்பதுதான். இங்கே நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பொத்தானை அழுத்தியதற்கு அங்கே ஒரு ஆளுக்கு மேல்மூச்சு வாங்குகிறது.


நாடகக்காரி (தருமபுரி)

தக்காளி, இதை எங்கள் நாடகத்தில் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஆட்டக்காரர்கள் இப்போதே சண்டைக்கு வந்துவிட்டார்கள், "எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரியாமல் எப்படி ஒத்திகை பார்ப்பது" என்று. பார்க்கட்டும்.


அரூர் வாத்தியார்

ஒரு கேள்வி. ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள்? எங்கள் ஊரில் நாடகம் என்றால் முதலில் வந்து பாய் போடுவது கிழவிகள்தான். பட்டன் போனாவது இருக்கிறதா என்றால் மகன் கையில் இருக்கும். அப்புறம் பள்ளிப் பிள்ளைகள். இந்த இரண்டு கூட்டமும் இல்லாமல் மந்தை என்ன மந்தை?


பென்னாகரத்தான்

வாத்தியார் சொன்னதற்காகவாவது சந்தை மணியை வாங்குங்கள். போன் இல்லாதவர்களுக்கு நிஜ மணி. அவற்றை யாராலும் அடக்க முடியாது. எல்லாப் போனும் ஊமையான பிறகு கிழவிகள் கையில் மட்டும் மணி இருக்கும்.

(முன்னே எழுதியதில் கடுப்பு அதிகம். கையிலிருந்து மணி போகிற அந்த விஷயம் எனக்கும் பிடித்திருக்கிறது.)


ஓசூர் சர்க்யூட்

பட்டன் போனுக்கு ஒரு வழி யோசித்தேன், அழைப்பு விட்டு ஒலிக்க வைப்பது. சிம் போட்டு அழைப்பு விட, கடையில் சல்லிசாகக் கிடைக்கும் ஜிஎஸ்எம் மாட்யூல் 2ஜி மட்டும்தான், அதில் ஜியோ சிம் வேலை செய்யாது, மற்ற சிம் போட வேண்டும். ஒரு சிம்மில் ஒரு நேரத்தில் ஒரு அழைப்புதான். சும்மா விட்டுவிடுங்கள், நிஜ மணியே மேல்.

சென்சாருக்கு வருகிறேன். காலுக்கு எம்பியு6050 என்கிற அசைவு சென்சார் போதும், விலை குறைவு, ஓசூரிலேயே கிடைக்கும். வாங்கியபடியே விட்டால் அதன் அளவு பூமி ஈர்ப்பைப் போல் இரண்டு மடங்கு வரைதான். கூத்துக்காரர் தரையில் ஓங்கி மிதித்தால் அது தன் உச்ச அளவில் முட்டி நின்றுவிடும், எல்லா மிதியும் ஒரே மாதிரி தெரியும். 16 மடங்குக்கு மாற்றிவிடுங்கள். பவர் பேங்க் கட்டினால் ஒரு வேடிக்கை நடக்கும்: போர்டு இழுக்கிற மின்சாரம் ரொம்பக் கம்மி என்பதால் "ஒன்றும் மாட்டவில்லை போல" என்று பல பவர் பேங்குகள் தானாக அணைந்துவிடும். சின்ன லித்தியம் பேட்டரியே நல்லது. ஆனால் பாதுகாப்புச் சர்க்யூட் உள்ளதாக, கெட்டியான டப்பாவில் போட்டு, தோலில் நேராகப் படாமல். வியர்வையில் நனைகிற இடத்தில் பேட்டரியைக் கட்டிக்கொண்டு ஒரு மனிதர் விழுந்து புரளப் போகிறார் என்பதை மறக்கக் கூடாது.

இதயத் துடிப்பை மணிக்கட்டில் அளக்காதீர்கள். பச்சை ஒளி பாய்ச்சி ரத்தம் ஏறி இறங்குவதைப் பார்க்கிற முறை அது. கை ஆடினால் ரத்தத்தை அளக்கிறதா ஆட்டத்தை அளக்கிறதா என்று அதற்கே தெரியாது. கறுத்த தோலில் அந்த ஒளி அதிகம் உறிஞ்சப்பட்டு சிக்னல் இன்னும் மெலியும். ஓட்டக்காரர்கள் கட்டுகிற மார்புப் பட்டை இதயத்தின் மின்துடிப்பையே எடுக்கும், துடிப்புக்குத் துடிப்பு இடைவெளியும் தரும். அது ப்ளூடூத், தூரம் போகாது. இடுப்பில் கட்டிய இஎஸ்பி32 அதை வாங்கி வைஃபையில் அனுப்பட்டும்.


முகமூடி

இப்போது நிஜமாகவே ஒரு கேள்வி. இதயத் துடிப்பு எதற்கு? ஓடுகிறான், துடிப்பு ஏறுகிறது. அது கண்ணுக்கே தெரிகிறதே. சென்சார் இருக்கிறது என்பதற்காக வைக்கிறீர்களா?


நாடகக்காரி (தருமபுரி)

முகமூடி கேட்டது நியாயம். குழுவிலும் எடுத்துவிடலாம் என்றுதான் முதலில் பேசினோம். அப்புறம் வீரனாக ஆடுகிற தம்பி ஒன்று சொன்னான். "நான் செத்து விழுவேன். ஆனால் அந்த நேரத்தில்தான் என் நெஞ்சு அதிகமாக அடிக்கும். இருபது நிமிடம் ஓடியிருப்பேன் இல்லையா?"

அதைக் கேட்ட பிறகு எடுக்க மனம் வரவில்லை. அவன் ஆடும்போது துடிப்பை எங்கும் பயன்படுத்தப் போவதில்லை. விழுந்த பிறகு மட்டும். அடங்கிப்போன எல்லாப் போனிலும் அந்தத் துடிப்பு வரும். வேகமாக ஆரம்பித்து, அவன் படுத்திருக்கப் படுத்திருக்கக் கொஞ்சம் கொஞ்சமாக நிதானப்படும். நாடகத்தில் அவன் பிணம், உடம்பு உயிரோடு இளைப்பாறிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்று ஆசை.


ராயக்கோட்டை தக்காளி

ரஃபேல் லொசானோ ஹெம்மர் என்ற கலைஞர் 2006-இல் "பல்ஸ் ரூம்" என்று ஒன்று செய்தார். ஒரு அறை நிறையக் குண்டு பல்புகள். கைப்பிடியைப் பிடித்தால் உங்கள் துடிப்புக்கு ஒரு பல்பு மினுக்கும். அடுத்தவர் வந்து பிடித்தால் உங்கள் துடிப்பு அடுத்த பல்புக்குத் தள்ளப்படும். அங்கே பார்வையாளர் துடிப்பு பல்புக்குப் போனது. உங்களிடம் ஆட்டக்காரர் துடிப்பு பார்வையாளர் கைக்கு வருகிறது. நல்ல திருப்பம். ஒலியாக மட்டும் வைக்காதீர்கள், அதிர்வாக விடுங்கள்.


ஓசூர் சர்க்யூட்

அதிர்வு ஆண்ட்ராய்டு குரோமில் வரும். ஐபோன் பிரவுசரில் வராது. ஐபோனுக்கு மட்டும் ஒரு மெல்லிய "டிக்" வையுங்கள். நம் மைதானத்தில் ஐபோன் எண்ணிக்கையை நினைத்து நான் தூக்கம் கெடப் போவதில்லை.


அரூர் வாத்தியார்

இன்னொரு கேள்வியும் கேட்டுவிடுகிறேன், கோபிக்கக் கூடாது. அந்தத் தம்பியின் இதயத் துடிப்பு லேப்டாப்பில் பதிவாகுமா? வருகிறவர்கள் போனிலிருந்து என்னென்ன எடுக்கிறீர்கள்? 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் தரவு எடுக்கக் கூடாது என்கிறது. பள்ளி மைதானத்தில் போடுவேன் என்கிறீர்கள், பிள்ளைகள் அப்பா போனோடு வந்து உட்காருவார்கள்.

எனக்குச் சட்டத்தைவிட ஆட்டக்காரர் பற்றித்தான் கவலை. ஸ்டெலார்க் என்று ஒருவர் 1995-இல் லக்சம்பர்க்கில் இருந்துகொண்டு, பாரிஸ், ஹெல்சிங்கி, ஆம்ஸ்டர்டாம் நகரங்களில் இருந்தவர்கள் கணினித் திரையைத் தொட்டுத் தன் தசைகளை மின்சாரத்தால் இழுக்க விட்டார். அவர் உடம்பு, அவரே முடிவு செய்தது, சரி. ஆனால் குழுவில் சின்னவனாக இருக்கிற ஒரு பையனிடம் "உன் நெஞ்சைக் காட்டு" என்று இயக்குநர் கேட்டால், அவன் மறுக்க முடியுமா? துடிப்பில் ஏதாவது கோளாறு தெரிந்தால் அது 150 பேர் கையில் தெரியும்.


நாடகக்காரி (தருமபுரி)

வாத்தியார் சார், கோபமெல்லாம் இல்லை. போன் பக்கம்: பெயர், எண், இடம், கேமரா, மைக் எதுவும் கேட்க மாட்டோம். சர்க்யூட் தம்பி சொன்ன மாதிரி அசைவு போனுக்குள்ளேயே படிக்கப்பட்டு அங்கேயே மணியாகிவிடும், வெளியே வராது. லேப்டாப்புக்குத் தெரிவது எந்தப் பட்டியில் எத்தனை போன் சேர்ந்திருக்கிறது என்பது மட்டும். இதை நுழைவாயிலில் பெரிய எழுத்தில் எழுதி வைப்போம், ஆரம்பத்தில் கட்டியக்காரன் வாயாலும் சொல்ல வைப்போம்.

தம்பி பற்றிச் சொன்னதற்கு என்னிடம் சுத்தமான பதில் இல்லை. யோசனை அவனுடையதுதான், ஆனாலும் ஒரு வழி வைக்கிறோம். பட்டையின் ஸ்விட்ச் அவன் இடுப்பில் இருக்கும். அன்றைக்கு வேண்டாம் என்று தோன்றினால் ஆடும்போதே அணைத்துவிடலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. அணைத்தால் போன்கள் ஊமையாகவே இருக்கும், நாடகம் அப்படியே முடியும். எதையும் பதிவு செய்யவும் மாட்டோம்.


முகமூடி

அவன் அணைத்துவிட்டால்தான் முடிவு இன்னும் நன்றாக இருக்கும் என்று எனக்குப் படுகிறது. சரி, தேதி சொல்லுங்கள், வருகிறேன். போனைக் கொண்டு வருவேனா என்று சொல்ல மாட்டேன்.


பாலக்கோடு மைக்செட்

கம்பம், கயிறு, பத்து டியூப்லைட் என் கணக்கு. வாடகை வேண்டாம், வண்டிக்கு டீசல் மட்டும் போட்டால் போதும். டியூப்லைட்டை எப்போது அணைக்க வேண்டும் என்று முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஆட்டக்காரர்கள் எந்தப் பக்கம் போவார்கள் என்றே தெரியாது என்கிறீர்கள், நான் எதைப் பார்த்து அணைப்பது?


நாடகக்காரி (தருமபுரி)

வருகிற ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு வெறும் வைஃபை சோதனை மட்டும் வைக்கிறோம். நாடகம் கிடையாது, டீயும் பஜ்ஜியும் உண்டு. திரை உடைந்தது, பழையது, சார்ஜ் நிற்காதது என்று எந்தப் போனாக இருந்தாலும் கொண்டு வாருங்கள், நல்ல போன் மட்டும் வந்தால் சோதனையில் அர்த்தமில்லை. இடத்தைத் தனிச் செய்தியில் கேளுங்கள். நாற்பது பேராவது வந்தால்தான் ரவுட்டர் எங்கே திணறுகிறது என்று தெரியும்.

பென்னாகரத்தான், உங்களிடம் தனியாக ஒன்று கேட்க வேண்டும். வீரனுக்கு மர அணிகள் கட்டுகிற கட்டை வேஷம் போட்டு, தோளில் வருகிற புஜக்கட்டைக்கு உள்ளே போர்டை மறைத்து வைத்தால் எப்படி இருக்கும்? மரத்துக்குள் இடம் இருக்கிறதே.


பென்னாகரத்தான்

அப்பாவிடம் கேட்டேன். புஜக்கட்டையைத் துளைப்பது என்ற பேச்சே வேண்டாம் என்றுவிட்டார். கல்யாண முருங்கை மரத்தில் எடை பார்த்துச் செதுக்கியது, ஒரு பக்கம் கனம் ஏறினால் சுழன்று ஆடும்போது தோளை இழுக்குமாம். அதுவும் தவிர மேலே ஒட்டியிருக்கிற ஜிகினாத் தாளும் கண்ணாடியும் சிக்னலை மறைக்காதா என்று சர்க்யூட்டைக் கேளுங்கள்.

சலங்கைப் பட்டையின் உள்பக்கம் என்றால் சரியாம். தோல் பட்டை, அகலம் இருக்கிறது, மிதியும் அங்கேதான் விழுகிறது. ஆனால் போர்டைக் கொண்டு வந்து முதலில் அவர் காலில் கட்டிக் காட்ட வேண்டும் என்கிறார். ஞாயிறு அவரும் வருகிறார். பஜ்ஜி வாழைக்காயா, மிளகாயா?


ஓசூர் சர்க்யூட்

ஜிகினா உலோகப் பூச்சு என்றால் மறைக்கும், ஐயா சொன்னது சரி. சலங்கைக்கு அளவாக இரண்டு டப்பா இந்த வாரமே பிரின்ட் எடுத்துவிடுகிறேன். பட்டையின் அகலத்தை யாராவது ஸ்கேல் வைத்து அளந்து போட்டோ அனுப்புங்கள்.